லண்டன் டிக்கெட்: தோட்டப்பாளையம் மாடிக்கடை எனக்குப் பிடித்துப்போன காரணம்

மகள் லண்டனில் நர்ஸ். அவளுக்குப் பிரசவம் நெருங்கியதால் நானும் வீட்டுக்காரரும் கிளம்ப வேண்டியிருந்தது. போனில் தேடினால் சென்னை–லண்டன் சுமார் 8,200 கி.மீ., நேர் விமானத்தில் 11 மணி நேரம் என்று வந்தது. அவருக்கு முழங்கால் வலி. அந்த 11 மணி நேரத்துக்கே முகம் சுருங்கிவிட்டது.

வேலூர் தோட்டப்பாளையத்தில் மாடியில் இருக்கும் டிக்கெட் கடையில் ஒரு தம்பி இருக்கிறார். உட்கார்ந்ததும் தேதி கேட்கவில்லை. "அம்மா, வீடு எங்கே? அங்கே பொண்ணு எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்டார். சத்துவாச்சாரி என்றதும் ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். மீனம்பாக்கத்துக்குக் காரில் 3 மணி நேரம், வாலாஜா தாண்டி லாரி நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம். 3 மணி நேரம் முன்னதாக உள்ளே போக வேண்டும். அப்புறம்தான் அந்த 11. அங்கே இறங்கி வரிசை, பெட்டி, மகள் வீடு எல்லாம் சேர்த்தால் வாசலிலிருந்து வாசலுக்கு 20 மணி நேரம்.

துபாய் வழி டிக்கெட் விலை குறைவு. வீட்டுக்காரருக்கு அதில்தான் மனசு. தம்பி பொறுமையாகக் கணக்குப் போட்டார். சென்னை–துபாய் 2,900 சொச்சம் கி.மீ., துபாய்–லண்டன் சுமார் 5,500 கி.மீ. கூட்டினால் நேர் வழியைவிட 200 கி.மீ. போலத்தான் அதிகம். ஆனால் நேரம்? இறங்கி, நடந்து, காத்திருந்து, மறுபடி ஏறுவதில் பல மணி நேரம் போய்விடும். "சாருக்குக் கஷ்டம்மா" என்றார். தனக்கு எதில் லாபம் என்று பார்க்காமல் வீட்டுக்காரர் முழங்காலைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. நேர் விமானமே எடுத்தோம். சக்கர நாற்காலியும் அப்போதே கேட்டுப் பதிந்தார். அதற்குத் தனிக் காசு இல்லை. பெங்களூரிலிருந்து ஏறினால்? அங்கே விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி வேலூரிலிருந்து 200 கி.மீ.க்கு மேல், அதுவும் ஊரைத் தாண்டி வடக்கே என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

திரும்பும் டிக்கெட்டில் நேரம் குறைவாக இருந்ததைக் கேட்டேன். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று வேகமாக அடிக்கிறது, வரும்போது அது விமானத்தைத் தள்ளிக் கொடுக்கும், போகும்போது எதிர்க்கும் என்றார். கடிகாரத்தைக் கோடையில் நாலரை மணி நேரம், குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும் என்பதையும் தாளின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வைத்துத்தான் வீட்டுக்காரருடைய மாத்திரை வேளைகளை மாற்றிப் பிரித்துக்கொண்டேன்.

குறையும் உண்டு. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். வயதானவர்களை ஏற்ற வேண்டாம், பாஸ்போர்ட் நகல் கொண்டுபோனால் போதும். சர்வீஸ் சார்ஜைக் கடைசியில்தான் சொல்கிறார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மதியத்தில் சி.எம்.சி.யில் வைத்தியம் முடித்துக் கொல்கத்தா, குவஹாத்தி திரும்புகிறவர்கள் நிறைந்திருப்பார்கள். காலையில் கடை திறந்ததும் போனால் தம்பி நிதானமாகப் பேசுவார்.