கையொப்பம் அசல், ‘முதல் பதிப்பு’ என்ற சீட்டுத்தான் தவறு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய புத்தகம் வேண்டுமென்றால் சௌராஸ்தா சந்தையின் மாடிக்குப் போகச் சொல்வார்கள். நான் இந்த நூலை வாங்கியது அங்கல்ல. சற்றுத் தள்ளி ஒரு பழைய கடைவீட்டில், அரிய நூல்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்து விற்கும் சிறிய கடை ஒன்றில் வாங்கினேன். நூல், ஹிடெடாகா நிஷியாமாவும் ரிச்சர்ட் பிரவுனும் ஆங்கிலத்தில் எழுதி டட்டில் பதிப்பகம் 1960இல் முதன்முதலாக வெளியிட்ட கராத்தே பயிற்சி நூல். ‘முதல் பதிப்பு, ஆசிரியர் கையொப்பத்துடன், 650 ரிங்கிட்’ என்ற சீட்டு அதில் செருகப்பட்டிருந்தது.

நிஷியாமா 1928இல் பிறந்தவர். ஒகினாவாவின் கராத்தேயை 1922இல் தோக்கியோவுக்குக் கொண்டுவந்த கிச்சின் ஃபுனாகோஷியிடம் நேரடியாகப் பயின்றவர். போருக்குப் பின் ஜப்பானில் தங்கியிருந்த அமெரிக்க விமானப்படையினருக்குக் கற்பித்த அவர், 1961இல் அமெரிக்காவுக்கே குடிபெயர்ந்தார். ஜப்பானிய மொழி தெரியாதவருக்குக் கராத்தேயை எப்படி விளக்குவது என்பதை வகுப்பறையிலேயே கற்றுக்கொண்டவர் எழுதியது என்பது நூலின் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

முதலில் கையொப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டையைத் திறந்ததும் வரும் வெற்றுத்தாளில், நீலக்கறுப்பு மையில், நான்கு ஜப்பானிய எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்குகின்றன. முதல் இரண்டுக்கும் ‘மேற்கு’, ‘மலை’ என்று பொருள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மை தாளின் நாரோடு நாராக ஊறியிருப்பதும், கடைசிக் கோட்டில் பேனா தூக்கப்பட்ட இடம் மெலிந்து முடிவதும், தாளின் மறுபுறத்தை விரலால் தடவினால் அழுத்தம் தட்டுப்படுவதும் இது அச்சடித்த கையொப்பம் அல்ல என்பதைக் காட்டின. அதற்கு மேலே யாரோ ஒரு மாணவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர்கள் பலர் இப்படிப்பட்ட பிரதியை விரும்புவதில்லை. எனக்கோ அதுவே நம்பிக்கை தந்தது: போலிக் கையொப்பம் போடுகிறவன், முன்பின் தெரியாத ஒருவர் பெயரையும் எழுதித் தன் சரக்கின் விலையைத் தானே குறைத்துக்கொள்வானா?

கோளாறு அடுத்த சில தாள்களுக்குள் இருந்தது. பதிப்புரிமைப் பக்கத்தில் ‘முதல் அச்சு 1960’ என்ற வரிக்குக் கீழேயே அறுபதுகளின் நடுப்பகுதியைச் சேர்ந்த பிந்தைய அச்சின் எண் தெளிவாக இருக்கிறது. இந்த நூல் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானது; ஆகவே 1960 என்ற எண்ணை மட்டும் பார்த்து முதல் பதிப்பு என்று முடிவுகட்டினால் ஏமாற்றந்தான் மிஞ்சும். கடைக்காரரிடம் காட்டியபோது, “1960 என்றுதானே தம்பி போட்டிருக்கிறது” என்றார். கீழ்வரியை விரல் வைத்துக் காட்டிய பிறகு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து இருமுறை படித்தார். பேரம் 420இல் முடிந்தது. அவர் வேண்டுமென்று செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அறுநூறு ரிங்கிட்டுக்கு மேல் விலை எழுதுகிறவர் ஒரு பக்கத்தை முழுதாகப் படித்திருக்கலாம்.

மேலுறை இல்லை. பினாங்குப் புழுக்கத்தில் தாள் ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள் பூத்திருக்கின்றன, பின்னட்டையின் உட்புறத்தை இராமபாணப் பூச்சி கொஞ்சம் சுவைத்திருக்கிறது. பூட்டிய அலமாரியில் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றுகூட வைக்காததை இக்கடையின் பெரிய குறையாகச் சொல்வேன்.

பயிற்சி நூலாக இது இன்றும் பயன்படுமா? முன்கால் மடக்கிய ஸென்குட்சு நிலை, குதிரைமேல் அமர்ந்தது போன்ற கிபா நிலை, குத்து, தடுப்பு, உதை என்று எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளைப் படங்கள் தாங்கி நிற்கின்றன. படத்தால் காட்ட முடிவது தொடக்கத்தையும் முடிவையுந்தான்; இடுப்பு எந்தக் கணத்தில் திரும்ப வேண்டும் என்பது மாஸ்டர் அருகில் நின்று தட்டிச் சொன்னால்தான் உடம்புக்குப் பிடிபடும். என்னைக் கட்டிப்போட்டவை படங்களைவிட, விசை எங்கிருந்து பிறக்கிறது, ஒரு கை குத்தும்போது மறு கை ஏன் இடுப்புக்கு இழுக்கப்படுகிறது, மூச்சை எங்கே இறுக்குவது என்று காரணம் சொல்லும் பக்கங்கள்தாம். அங்கேதான் ‘நீர் போன்ற மனம்’, ‘நிலவு போன்ற மனம்’ என்ற இரு கருத்துகளும் வருகின்றன. அலையற்ற நீர் எதிரிலுள்ளதை உள்ளபடி காட்டும். நிலவொளி எதிராளியின் ஒரு கைமீது மட்டுமல்ல, அவன் முழு உருவத்தின்மீதும் விழும், மேகம் மறைத்தால் ஒளி தடைபடும். பயிற்சிக் கூடத்தில் “கையைப் பார்க்காதே, ஆளைப் பார்” என்று பல ஆண்டுகளாகக் கேட்ட அதட்டலுக்கு இப்படியொரு விளக்கம் இருந்தது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

நூலின் ஆங்கிலத் தலைப்பிலேயே வரும் ‘வெறுங்கை’ என்ற சொல்லுக்கும் கதை உண்டு; ‘கராத்தே’ என்பதன் பொருளே அதுதான். சீனத்தைக் குறித்த பழைய எழுத்தை நீக்கி, அதே ‘கரா’ ஒலியுள்ள ‘வெறுமை’ என்ற எழுத்தை நிலைநிறுத்தியவர்களில் ஃபுனாகோஷி முதன்மையானவர்.

கையொப்பமில்லாத பிந்தைய அச்சுப் பிரதிகள் இதைவிடப் பன்மடங்கு மலிவாகக் கிடைக்கும். படிக்க மட்டும் விரும்புகிறவருக்கு அவையே போதும். நான் கூடுதலாகக் கொடுத்தது அந்த நான்கு எழுத்துகளுக்காக, 420 எனக்கு நியாயமாகவே படுகிறது. பணம் கொடுத்துவிட்டுப் புறப்படும்போது அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஜூடோ நூல் கண்ணில் பட்டது. அதிலும் அதே கையெழுத்தில் ‘முதல் பதிப்பு’ என்ற சீட்டு.