பட்டைத் தோலும் குரோம் தோலும்: எந்தப் பிணைப்பு எப்படிப் பிடிக்கிறது?

வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு வேதிப்பிணைப்பை நீர் மூலக்கூறில் தொடங்குவதைவிட ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோலில் தொடங்கலாம். பச்சைத் தோலின் முதன்மைப் புரதம் கொலாஜன். மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட இழை. சங்கிலிக்குள் அமினோ அமிலங்களைக் கோத்திருப்பது சகப்பிணைப்பு, அதாவது அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் வலுவான பிணைப்பு. முறுக்கைக் காப்பதில் பெரும்பங்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் எனும் பலவீனமான ஈர்ப்புகளுக்கு உண்டு. ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அவை விட்டுப்போகின்றன, தோல் சுருங்குகிறது. சங்கிலிகளோ அறுவதில்லை.

பட்டைத் தோலைப் பதனிடுபவை ஆவாரம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் துவர்ப்புப் பொருள்களான டேனின்கள். அவற்றில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் ஏராளம். இவையும் கொலாஜனைப் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பாலேயே பற்றுகின்றன. தனித்தனியே பலவீனம்தான், ஆனால் கூட்டம் பெரிது: சுருங்கும் வெப்பநிலை சுமார் 75 முதல் 85 டிகிரி வரை ஏறுகிறது. டேனின் பருத்த மூலக்கூறு, மெல்லத்தான் உள்ளே போகும். பழைய தொட்டி முறைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

குரோம் தோலில் மூவிணைதிற குரோமியம் (Cr³⁺) கொலாஜனின் கார்பாக்சில் (COOH) தொகுதிகளோடு ஈதல் சகப்பிணைப்பு (பகிரும் எலக்ட்ரான் இரண்டையும் ஒரே அணு தருவது) அமைத்து, இழைகளுக்கிடையே பாலம் போடுகிறது. ஓரிரு நாளில் வேலை முடியும். நன்கு பதனிட்ட தோல் கொதிநீரையும் தாங்கும். மென்மையான ஷூ மேல்தோலுக்கு இதுவே ஏற்றது.

பெல்ட்டுக்கும் செருப்பின் அடித்தோலுக்கும் என் தேர்வு பட்டைத் தோல். அதற்காக அது தூய்மையானது என்று சொல்லமாட்டேன். அதன் கழிவுநீரிலும் நிறமும் கரிமச் சுமையும் மிகுதி. குரோமியக் கழிவைப் பற்றிப் பாலாற்றங்கரையாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.