ஒரே டிக்கெட்டில் கல்லறையும் சிறையும்: பீட்டர்-பால் கோட்டை அருங்காட்சியகம்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்பவர்கள் ஜார் ஆட்சியைப் பார்க்க முதலில் போவது குளிர்கால அரண்மனைக்கு. அங்கே கிடைப்பது அந்த ஆட்சியின் பளபளப்பு. அது எப்படிக் கைமாறியது, எதை வைத்துத் தன்னைக் காத்துக்கொண்டது என்று தெரிய வேண்டுமானால் நேவா ஆற்றின் எதிர்க்கரைக்குத்தான் போக வேண்டும். முதலாம் பீட்டர் தொடங்கி கடைசி நிக்கோலஸ் வரை ஏறக்குறைய எல்லாச் சக்கரவர்த்திகளும் பீட்டர்-பால் கோட்டையின் தேவாலயத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில், அவர்களை எதிர்த்தவர்கள் அடைபட்டிருந்த சிறை. இரண்டையும் இவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் பார்ப்பது கடினம். ஆனால் பலர் தேவாலயத்தின் பொன்வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, பீரங்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சிறைப்பக்கம் போகாமலே திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் டிக்கெட் காசில் பாதி வீண்.

கோட்டை வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. தேவாலயம், சிறை, தளபதி மாளிகை ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூட்டு டிக்கெட்டும் உண்டு. கூட்டு டிக்கெட்டே சரி. மதில்மேல் நடைபாதைக்கும் மணிக்கூண்டு ஏறுவதற்கும் தனியாகக் கட்ட வேண்டும். மணிக்கூண்டை நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் அங்கே செல்லாது. ரூபிளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பீட்டர், கத்தரீன் வேடமிட்டு நிற்பவர்கள் படம் எடுக்கக் கூப்பிட்டால் தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படத்துக்குப் பிறகு கேட்கும் தொகை வேறாக இருக்கும். தரை முழுக்க உருளைக்கல் பாவியது, குதிகால் செருப்பு உதவாது.

கோர்க்கோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பூங்கா வழியாக இயோவானோவ்ஸ்கி பாலத்தைக் கடந்து கிழக்கு வாசலில் நுழைவது நல்லது. ஸ்போர்ட்டிவ்னயா நிலையத்திலிருந்து மேற்குப் பாலம் வழியாகவும் வரலாம். ஆனால் அப்படி வந்தால் பீட்டர் வாசல் கடைசியில் வரும், கதை தலைகீழாகிவிடும். அந்த வாசல் 1718-இல் முடிந்தது. மேலே ஈயத்தில் வார்த்த இரட்டைத்தலைக் கழுகு. அதற்கும் மேலே மரப் புடைப்புச் சிற்பத்தில், பறக்க முயன்ற மந்திரவாதி சைமனைப் புனித பீட்டர் கீழே தள்ளும் காட்சி. புனிதரின் பெயரில் நிற்பது சக்கரவர்த்திதான். விழுகிறவன் சுவீடன் மன்னன் பன்னிரண்டாம் சார்லஸ். கோட்டைக்கு அடிக்கல் நாட்டிய 1703-இல் இது சுவீடனிடமிருந்து அப்போதுதான் பிடுங்கிய நிலம். ஆனால் சுவீடன் படை இந்த மதிலை ஒருமுறைகூட முற்றுகையிடவில்லை. அந்நியப் படையை நிறுத்தக் கட்டிய கோட்டைக்கு உள்நாட்டு ஆட்களை அடைப்பதுதான் வேலையாகிப்போனது.

திறக்கும் நேரத்திலேயே தேவாலயத்துக்குள் போய்விடுங்கள். பேருந்துக் கூட்டம் சேர்ந்துவிட்டால் கல்லறை வரிசைக்கு நடுவே நிற்கக்கூட இடம் கிடைக்காது. கட்டியவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டொமெனிக்கோ ட்ரெசினி. காலம் 1712 முதல் 1733 வரை. கோபுர ஊசியோடு சேர்த்து உயரம் 122.5 மீட்டர். உள்ளே வந்ததும் கண் நேராகப் பலிபீடத்தை மறைக்கும் பொன் பூசிய திருவுருவத் திரைக்குப் போகும். அதன் வடிவத்தைக் கவனியுங்கள்: ரஷ்யத் தேவாலயங்களில் வழக்கமாக இருக்கும் நேர்ச்சுவர் இல்லை, போரில் வென்ற மன்னனுக்கு எழுப்பும் வெற்றி வளைவு. இதைச் செதுக்கத் தொடங்கியது 1722-இல். அதற்கு முந்தின ஆண்டுதான் பீட்டர் தலைமைக்குரு பதவியையே ஒழித்துவிட்டு, திருச்சபையை அரசின் கட்டுப்பாட்டில் இயங்கும் சபையாக மாற்றியிருந்தார்.

வெள்ளைப் பளிங்குப் பெட்டிகள் எல்லாம் வெற்றுப் பெட்டிகள். உடல்கள் தரைக்கடியில் இருக்கின்றன. மூலைகளில் வெண்கலக் கழுகு இருந்தால் அது முடிசூடியவர் கல்லறை. ஒரே மாதிரி இருப்பதால் எல்லாமே பழையவை என்று தோன்றும், ஆனால் இந்தப் பளிங்கு 1860-களில் மாற்றி வைத்தது. இருநூறு ஆண்டு ஒழுங்காகக் கைமாறிய ஆட்சி என்ற எண்ணத்தை அந்த ஒரே வெண்மை உண்டாக்கிவிடுகிறது. பலகைகளும் பெயர், பிறப்பு, ஆட்சி, இறப்பு என்பதோடு நின்றுவிடுகின்றன. எப்படி இறந்தார்கள் என்று தெரியாமல் போனால் இந்த அறையில் பார்க்கவே ஒன்றுமில்லை. அதனால் சில கல்லறைகளைப் பற்றி முன்பே தெரிந்துகொண்டு போவது அவசியம்.

முதலில் இல்லாதவர்கள் இருவர். இரண்டாம் பீட்டர் மாஸ்கோவில் புதைக்கப்பட்டார். ஆறாம் இவான் கைக்குழந்தையாகச் சக்கரவர்த்தி ஆனவர். 1741-இல் முதலாம் பீட்டரின் மகள் எலிசபெத் ஆட்சியைப் பிடித்ததும் காவலில் வைக்கப்பட்டு, 1764-இல் ஷ்லுசெல்பர்க் கோட்டையில் காவலர்களாலேயே கொல்லப்பட்டார். இந்தக் குழப்பத்துக்கெல்லாம் வேர் 1722-இல் பீட்டர் போட்ட வாரிசுச் சட்டம். ஆளும் மன்னர் தமக்குப் பின் யார் என்பதைத் தாமே நியமிக்கலாம் என்றது அது. சட்டம் போட்டவரே 1725-இல் யாரையும் நியமிக்காமல் இறந்தார். அடுத்த எழுபது ஆண்டுகளுக்கு அரியணையில் யார் உட்காருவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவர்கள் காவல்படை அதிகாரிகள்தான்.

அந்தச் சட்டம் பிறந்த காரணம் தேவாலயத்தின் மேற்குக் கோடியில், மணிக்கூண்டுப் படிக்கட்டின் அடியில் கிடக்கிறது. பீட்டரின் மகன் அலெக்சேய். வெளிநாட்டுக்குத் தப்பியோடி, மன்னிப்பு உண்டு என்ற வாக்கை நம்பித் திரும்பியவர். 1718-இல் இதே கோட்டையில் சித்திரவதையோடு விசாரிக்கப்பட்டு, 127 பேர் கையெழுத்திட்ட மரண தண்டனைக்குப் பின், அது நிறைவேறும் முன்பே இறந்துபோனார். வழிகாட்டிகள் பலர் இந்த மூலைக்கு அழைத்துப் போவதில்லை. நீங்களே கேட்டுப் போங்கள்.

அடுத்து மூன்றாம் பீட்டரும் இரண்டாம் கத்தரீனும். 1762-இல் மனைவி கணவரை அரியணையிலிருந்து இறக்கினார். சில நாளிலேயே ரோப்ஷாவில் அவர் கொல்லப்பட்டார். 34 ஆண்டு கழித்துத் தாய் இறந்ததும் மகன் பவுல் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தந்தையின் உடலைத் தோண்டி எடுத்து வந்து இருவரையும் அருகருகே புதைத்தது. ஆளும் மன்னர் இஷ்டப்படி வாரிசை நியமிக்க முடியாதபடி 1797-இல் ஆண்வழி மூத்த மகன் உரிமையைச் சட்டமாக்கியவரும் இவரே. 1801-இல் இவரையும் படுக்கையறையில் புகுந்து அதிகாரிகள் கொன்றார்கள். அரசு வெளியிட்ட காரணம்: பக்கவாதம்.

வெள்ளைக் கல்லுக்கு நடுவே நிறமாக நிற்பவை இரண்டு: இரண்டாம் அலெக்சாந்தருக்குப் பச்சை அல்தாய் ஜாஸ்பர், அவர் மனைவி மரியாவுக்கு யூரல் மலையின் இளஞ்சிவப்பு ரோடனைட். இவற்றைச் செதுக்கி முடிக்க 17 ஆண்டு ஆனது. 1861-இல் பண்ணையடிமை முறையை ஒழித்தவர் என்று அலெக்சாந்தரைப் பற்றி எல்லா வழிகாட்டியும் சொல்வார். விடுதலையின் விலையைச் சொல்வார்களா என்பது சந்தேகம். நிலத்துக்கான தொகையில் பெரும்பகுதியை அரசு நிலவுடைமையாளருக்குக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 6 சதவீதம் என்ற கணக்கில் 49 ஆண்டு குடியானவர்களிடம் வசூலிப்பது ஏற்பாடு. 1905 புரட்சிக்குப் பிறகே, 1907 முதல், அது நின்றது. விடுதலை பெற்றவர்களின் பேரப்பிள்ளைகள்வரை தவணை கட்டினார்கள்.

கடைசிச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலஸ் குடும்பத்தின் எச்சங்கள் இருக்கும் புனித கத்தரீன் சிற்றாலயம் அலெக்சேய் கிடக்கும் அதே மேற்குக் கோடியில். 1998 ஜூலை 17 அன்று, போல்ஷெவிக்குகள் அவர்களைக் கொன்று சரியாக 80 ஆண்டு கழித்து அடக்கம் நடந்தது. அப்போதைய அதிபர் யெல்த்சின் வந்தார், எச்சங்களின் அடையாளத்தைத் திருச்சபை ஏற்காததால் தலைமைக்குரு வரவில்லை. 2007-இல் கண்டெடுக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளின் எச்சங்கள் இங்கே சேர்க்கப்படவில்லை. வாசலில் நின்றுதான் பார்க்க முடியும், இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

நண்பகல் 12 மணிக்கு நரிஷ்கின் கொத்தளத்தில் பீரங்கி சுடுவார்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் காதைப் பொத்திவிடுங்கள். பிறகு தளபதி மாளிகை. நகர வரலாற்றுக் காட்சி பெரியது, பெரும்பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். டிசம்பர் கிளர்ச்சிக்காரர்கள் தொடர்பான அறையில் மட்டும் நில்லுங்கள். 1825-இல் முதலாம் அலெக்சாந்தர் இறந்தபோது, தம்பி கான்ஸ்டன்டீன் ஏற்கெனவே உரிமையைத் துறந்துவிட்டார் என்பது உறையிலிட்டுப் பூட்டிய ரகசியமாக இருந்தது. படை கான்ஸ்டன்டீனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தது, பிறகு அடுத்த தம்பி நிக்கோலஸுக்கு எடுக்கச் சொன்னார்கள். அந்த இடைவெளியில், எதேச்சாதிகாரத்தை எதிர்த்த படை அதிகாரிகள் நடத்தியதுதான் டிசம்பர் 14 கிளர்ச்சி. கைதானவர்களை முதலாம் நிக்கோலஸே அரண்மனையில் விசாரித்து, யாருக்கு விலங்கு, யாருக்குக் காகிதமும் பேனாவும் என்று கோட்டைத் தளபதிக்குத் தம் கைப்படச் சீட்டு எழுதி அனுப்பினார். தீர்ப்பு வாசிக்கப்பட்டது இந்த மாளிகையில்.

இனி திருபெத்ஸ்கோய் கொத்தளச் சிறை. இன்று நிற்கும் கட்டடம் 1870-களின் தொடக்கத்தில் எழுந்தது: ஐந்து பக்கமும் இரண்டு தளமும் கொண்டது, நடுவே முற்றம், அதில் குளியலறைக் கட்டடம். 1924 முதல் அருங்காட்சியகம். தஸ்தயெவ்ஸ்கி இருந்த அறையைத் தேடி வருபவர்கள் ஏமாறுவார்கள்; அவரையும் எழுத்தாளர் செர்னிஷெவ்ஸ்கியையும் அடைத்தது அலெக்சேயெவ்ஸ்கி முன்கோட்டையின் ரகசியச் சிறையில். அதை 1895-இல் இடித்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்கள் அராஜகவாதி க்ரபோத்கின், புரட்சியாளர் வேரா ஃபிக்னர், லெனினின் அண்ணன் அலெக்சாந்தர் உல்யானவ், 1905-இல் எழுத்தாளர் கார்க்கி, அதன் பிறகு புரட்சித் தலைவர் த்ரோத்ஸ்கி. கதவுக்கு வெளியே பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. கொட்டடிகளை வெவ்வேறு காலகட்டத்தில் இருந்தபடி அமைத்திருப்பது நல்ல யோசனை. அவசரப்படாமல் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: “இடம் தாராளமாகத்தானே இருக்கிறது!” உண்மைதான். இங்கே கொடுமை இட நெருக்கடி அல்ல. ஆட்களை உடைத்தது மௌனம். தொடக்க காலத்தில் சுவரில் கம்பளத்துணி பதித்து மேலே காகிதம் ஒட்டியிருந்தார்கள், பக்கத்து அறைக்காரர் தட்டினால் கேட்கக் கூடாது என்பதற்காக. காவலர் நடை கேட்காமலிருக்க நடைக்கூடத்தில் விரிப்பு. கட்டிலும் மேசையும் அசையாதபடி பொருத்தப்பட்டவை. ஜன்னல் உயரத்தில் இருக்கும், அதுவும் வெளி மதிலைப் பார்த்து, அதனால் வெயில் வராது. ஆற்றங்கரை ஈரம் சுவரில் இறங்கும். க்ரபோத்கின் இங்கே சொறிகரப்பான் (ஸ்கர்வி) நோயில் விழுந்து, மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட பின் 1876-இல் அங்கிருந்து தப்பினார். இது பெரும்பாலும் விசாரணைக் கைதிகளுக்கான சிறை என்பதால், எப்போது வழக்கு, எப்போது தீர்ப்பு என்று யாருக்கும் தெரியாது.

அந்த மௌனத்தை உடைத்த முறையையும் தெரிந்துகொண்டு போங்கள். எழுத்துகளைக் கட்டங்களில் வரிசையாக அடுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் தட்டுவது எத்தனையாவது வரி, சிறிது நிறுத்தி அடுத்துத் தட்டுவது அந்த வரியில் எத்தனையாவது எழுத்து. இரண்டு தட்டு, இடைவெளி, நான்கு தட்டு என்றால் இரண்டாம் வரியின் நான்காம் எழுத்து. மெதுவான வேலை, சொல்லைச் சுருக்கிச் சுருக்கிப் பழகியவர்கள் சதுரங்கமே ஆடினார்கள். இருட்டுத் தண்டனை அறைக்குள் கதவைச் சாத்தச் சொல்லி ஒரு நிமிடம் நிற்க முடிந்தால் நில்லுங்கள்.

இந்தக் காட்சியில் குறைவது சட்டங்கள் பற்றிய விளக்கம். யாரை அடைத்தார்கள் என்பது விரிவாக இருக்கிறது, எந்த அதிகாரத்தில் என்பது தேடினால்தான் கிடைக்கும். சுருக்கமாக: 1881 மார்ச் 1 அன்று இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் இறந்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த பாதுகாப்புச் சட்டம், வழக்கே இல்லாமல் ஒருவரை நாட்டுக்குள்ளேயே தொலைவான இடத்துக்கு ஐந்து ஆண்டுவரை அனுப்பி வைக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் தந்தது. மூன்று ஆண்டுக்கான தற்காலிகச் சட்டம். புதுப்பித்துப் புதுப்பித்து 1917 வரை ஓடியது. 1906-இல் டூமா என்ற நாடாளுமன்றம் வந்தபோதும், அடிப்படைச் சட்டத்தின் நான்காம் பிரிவு சக்கரவர்த்தியின் எதேச்சாதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. நீக்கியது “வரம்பற்ற” என்ற சொல்லை மட்டும்.

கடைசி அறைகளை விட்டுவிடாதீர்கள். 1917 பிப்ரவரிப் புரட்சிக்குப் பின் ஜாரின் அமைச்சர்கள் இதே கொட்டடிகளுக்கு வந்தார்கள். அக்டோபர்ப் புரட்சியில், அவர்களைச் சிறை வைத்த இடைக்கால அரசின் அமைச்சர்களே வந்தார்கள். 1919 ஜனவரியில் நான்கு இளவரசர்கள் இந்தக் கோட்டையில் சுடப்பட்டார்கள். அவர்களில் நிக்கோலாய் மிகாய்லோவிச் வரலாற்றாய்வாளர். கட்டடமும் பழக்கமும் புதிய ஆட்சிக்குத் தயாராகவே கிடைத்தன. சோவியத் காலத்தில் புரட்சியாளர்களை மட்டுமே காட்டிய அருங்காட்சியகம் இப்போது 1917-க்குப் பிந்தைய கைதிகளையும் சேர்த்திருப்பது பெரிய முன்னேற்றம்.

நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். என் மதிப்பெண்: சிறைக்கு ஐந்துக்கு ஐந்து. தேவாலயத்துக்கு நான்கு, அதுவும் படித்துவிட்டுப் போனால். வாராந்திர விடுமுறை நாளையும் கடைசி நுழைவு நேரத்தையும் அருங்காட்சியகத் தளத்தில் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். வெளியேறும்போது ஓடையைத் தாண்டி, 1826 ஜூலை 13 அன்று டிசம்பர்க்காரர்கள் ஐவரைத் தூக்கிலிட்ட இடத்தில் நிற்கும் கல்தூணுக்கும் போகலாம். அதற்கு டிக்கெட் இல்லை, மாலை கதவடைப்பும் இல்லை.