கல்வர்ட்டை நகர்த்தியது யார்? வரைபடத் தரவுக்கு கிட், டிவிசி, கார்ட்

வெள்ள மாடல் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஒரு நாள் முடிவுகள் திடீரென்று மாறிவிட்டன. முந்தைய ஓட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற தெரு, அன்றைக்குக் காய்ந்து கிடந்தது. மழைக் கணக்கு அதே, நில உயரத் தரவும் அதே. மூன்று நாள் தேடிய பிறகுதான் புரிந்தது: வடிகால் லேயரில் (வரைபட அடுக்கில்) யாரோ ஒரு கல்வர்ட்டை (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறு பாலத்தை) 12 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். ஃபோல்டரில் 'இறுதி', 'இறுதி_2', 'இறுதி_சரிபார்த்தது' என்று மூன்று ஷேப்ஃபைல்கள் (வரைபடத் தரவுக் கோப்புகள்). எது எப்போது மாறியது என்று சொல்ல யாராலும் முடியவில்லை.

அதிலிருந்து, தரவின் மாற்றங்களைப் பதிவு செய்யும் எந்தக் கருவியை எடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்தக் கோடு, எந்தப் புள்ளி மாறியது என்று அதனால் காட்ட முடியுமா?

வெறும் கிட் (Git, கோப்புகளின் ஒவ்வொரு பதிப்பையும் பதிவு செய்யும் கருவி) உரைக்கோப்புகளை வரிவரியாக ஒப்பிடும். சில நூறு புள்ளிகள் உள்ள மழைமானி லேயர் என்றால், ஜியோஜேசனாக (உரை வடிவ வரைபடக் கோப்பாக), ஒரு வரிக்கு ஒரு அம்சம் (ஒரு புள்ளி அல்லது கோடு) என்று எழுதி வைத்தால் போதும், நன்றாகவே நடக்கும். ஏற்றுமதி செய்யும்போது அட்ச, தீர்க்கரேகை எண்களின் தசம இடங்களை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். 6 இடம் என்பது தரையில் ஏறக்குறைய 10 செ.மீ. இதைக் கவனிக்காவிட்டால், ஒன்றுமே மாறாத கோப்பிலும் எல்லா வரியும் மாறியதாக டிஃப் (மாற்றப் பட்டியல்) வரும். ஷேப்ஃபைலும், ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு வரைபடக் கோப்பு வடிவமும் பைனரி, அதாவது உரையாக இல்லாதவை. அங்கே 'கோப்பு மாறியது' என்பதோடு கிட் நின்றுவிடும். ஜியோபேக்கேஜை கியூஜிஐஎஸ் (QGIS) வரைபட மென்பொருளில் சும்மா திறந்து மூடினாலே அது மாறியதாகக் காட்டுவதும் உண்டு.

பெரிய ராஸ்டர்களை (கட்டத்துக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும் படக் கோப்புகளை) கிட்டுக்குள் போடவே கூடாது. சென்னையின் அடையாறு வடிநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 டிகிரி அட்சக்கோடு அதன் குறுக்கே போவதால், எஸ்ஆர்டிஎம் (விண்கலத்திலிருந்து அளந்த) நில உயரத் தரவில் குறைந்தது இரண்டு ஓடுகள் (ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரித் துண்டுகள்) வேண்டும். 30 மீட்டர் தரவில் ஒரு ஓடு 3601 × 3601 புள்ளிகள், சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி. அது பரவாயில்லை. ஆனால் மாடல் ஓடி முடித்துத் தரும் நீர் ஆழ ராஸ்டர்கள் மணிக்கு ஒன்றாகக் குவியும். கிட் திட்டங்களை வைக்கும் இணையதளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. கிட் எல்எஃப்எஸ் (பெரிய கோப்புகளுக்கான கிட் நீட்சி) இதற்கு ஒரு வழி, கோப்புக்குப் பதில் மூன்று வரிச் சுட்டியை வைத்துக்கொள்ளும். எனக்கு டிவிசி (DVC, தரவின் பதிப்புகளைப் பதிவு செய்யும் கருவி) அதைவிடப் பிடிக்கிறது. தரவை உங்கள் சர்வரிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், எந்த உள்ளீட்டிலிருந்து எந்த ஸ்கிரிப்ட் வழியாக இந்த முடிவு வந்தது என்பதையும் அது பதிவு செய்யும். மேனிங் கெழு (தரையின் கரடுமுரடைச் சொல்லும் எண்) மாறினால், அதைச் சார்ந்த கட்டங்களை மட்டும் மறுபடி ஓட்டும். மாடல் வேலைக்கு இது பெரிய வசதி.

ஆனால் அந்தக் கல்வர்ட்டை டிவிசியும் கண்டுபிடித்திருக்காது. அதற்கும் கோப்பு என்பது ஒரே பொட்டலம்தான்.

அங்கேதான் கார்ட் (Kart) வருகிறது. வரைபடத் தரவுக்காக கிட்டின் மேலேயே கட்டிய கருவி இது. லேயரை அம்சம் அம்சமாகப் பிரித்துச் சேமிப்பதால், டிஃப் கேட்டால் 'அம்சம் 418: பழைய இடம் இது, புதிய இடம் இது' என்கிற மாதிரி காட்டும். வரைபடமாகவே பார்க்கலாம். வழக்கம்போல கியூஜிஐஎஸ்ஸில் ஜியோபேக்கேஜாகவோ போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தள அட்டவணையாகவோ திருத்திவிட்டு கமிட் செய்தால் (மாற்றத்தைப் பதிந்தால்) சரி. இரண்டு பேர் ஒரே லேயரின் வெவ்வேறு தெருக்களைத் திருத்தினாலும் மெர்ஜ் (இரண்டையும் ஒன்றாக்குவது) தானாக நடக்கும். ஒரே அம்சத்தைத் தொட்டால்தான் மோதல் வரும். ராஸ்டரையும் அது ஏற்கும், ஆனால் அதற்காக நான் டிவிசியை விடமாட்டேன்.

கார்ட்டில் ஒரு கண்டிப்பு உண்டு: முதன்மைச் சாவி (ஒவ்வொரு அம்சத்தின் அடையாள எண்) நிலையாக இருக்க வேண்டும். யாராவது லேயரை வெட்டி, கரைத்து, புதிதாக ஏற்றுமதி செய்து மேலே ஏற்றினால் எண்கள் எல்லாம் மாறிப்போய், உண்மையான மாற்றம் அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். அதனால் எங்கள் குழுவில் வடிகால் லேயரில் எந்தத் திருத்தமும் அந்த லேயருக்குள்ளேயேதான் நடக்கும். கமிட் செய்தியில் களத்தில் பார்த்த தேதியையும் எழுதச் சொல்லியிருக்கிறோம்.