ஒரே சி டிரைவா, தனியாக டி டிரைவா?

மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் கல்யாண ஆல்பம் போடும் தம்பி கேட்டார்: "அண்ணே, கம்ப்யூட்டர் டிஸ்க்கை சி, டி-ன்னு ரெண்டாப் பிரிக்கணுமா?"

மொத்தத்தையும் சி டிரைவாகவே வைத்தால் இடம் வீணாகாது. 256 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு அதுதான் சரி. பிரித்தால் கொஞ்ச நாளில் விண்டோஸ் அப்டேட்டுக்கே சி-யில் இடம் பத்தாது.

500 ஜிபிக்கு மேல் என்றால் பிரிக்கத்தான் சொல்வேன். விண்டோஸ் படுத்துவிட்டால் சி-யை மட்டும் ஃபார்மட் செய்து மறுபடி ஏற்றலாம். டி-யில் உள்ள முகூர்த்தப் படங்கள் அப்படியே இருக்கும். ஆனால் டெஸ்க்டாப்பில் போட்டு வைத்த ஃபோல்டர் சி-யில்தான் கிடக்கிறது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் லொக்கேஷனை டி-க்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்றால், நம் ஃபைல்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரைத் தனியாகப் பிரித்தால் போதும்.

அப்புறம், டிஸ்க்கே பழுதானால் சி, டி இரண்டுமே போய்விடும். அதற்கு வெளி ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு நகல் வேண்டும்.