பிடிபி1பி நொதியை அளக்க: பிஎன்பிபியா, டிஃப்மப்பா?

மனிதரின் 20ஆம் குரோமோசோமிலுள்ள பிடிபிஎன்1 மரபணு தரும் நொதி பிடிபி1பி; புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுவது அதன் வேலை. அதன் வேகத்தை அளக்க, பாஸ்பேட் கழன்றதும் மஞ்சளாகும் பிஎன்பிபி, ஒளிரும் டிஃப்மப் என்ற இரு வினைப்பொருள்களில் எதை வாங்குவது?

செலவு: பிஎன்பிபி மலிவு, ஆனால் மில்லிமோலார் செறிவில் தேவைப்படும். டிஃப்மப் விலை அதிகம். மைக்ரோமோலார் அளவே போதும்.

கருவி: பிஎன்பிபிக்கு 405 நானோமீட்டரில் மஞ்சள் நிறம் படிக்கும் சாதாரண பிளேட் ரீடர். டிஃப்மப்புக்கு ஒளிர்வு படிக்கும் ரீடர்; 358இல் தூண்டி 455இல் படிக்க வேண்டும்.

வேலை: பிஎன்பிபியில் பிஹெச் 7 பக்கம் பாதி மஞ்சள்தான் எழும். சோடியம் ஹைட்ராக்சைடு ஊற்றினால் முழு நிறம் வரும், வினையும் அங்கேயே நின்றுவிடும். டிஃப்மப் நடுநிலையிலேயே ஒளிரும். நிமிடத்துக்கு நிமிடம் படிக்கலாம்.

ஏமாற்றுவது: மஞ்சள் நிற மருந்துகள் பிஎன்பிபியை, தானே ஒளிரும் மருந்துகள் டிஃப்மப்பை.

எதை வாங்கினாலும் பாஸ்பேட் பஃபர் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசல்) கூடாது; வினையின் விளைபொருளான பாஸ்பேட்டே நொதியைத் தடுக்கும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டிடிடி சேர்க்காவிட்டால் நொதியின் வினைமையத்திலுள்ள 215ஆம் அமினோ அமிலமான சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்து நொதி படுத்துவிடும். வனடேட்டைத் தடுப்பானாக வைத்துவிட்டு உலோக அயனிகளைப் பிடிக்கும் இடிடிஏவையும் ஊற்றுவது பலர் செய்யும் தவறு; இடிடிஏ வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மாணவர் செய்முறைக்கும் சுத்திகரித்த நொதியைச் சோதிக்கவும் பிஎன்பிபி போதும். நொதி சொற்பமாக இருந்தாலோ, நூற்றுக்கணக்கான மருந்துகளைச் சலிப்பதென்றாலோ டிஃப்மப்.