மேல்தாடை விரிக்க 85,000 ரூபாய் கட்டுமுன் இதை வாசியுங்கள் (மட்டக்களப்பு, கல்முனைப் பக்கப் பெற்றோருக்கு)

நேற்றுப் பின்னேரம்தான் அந்தத் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. தங்கச்சியின் மகளுக்கு வயது 11. களுவாஞ்சிகுடியிலிருந்து பஸ் ஏறிப் போய், டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் 85,000 ரூபாய் கட்டி வாங்கி வந்த தகடு அது. பெயர் எழுதவில்லை. மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்டு, ‘சத்திரசிகிச்சை இல்லாமல் 3 மாதத்தில் தாடை விரிவு’ என்று பேஸ்புக்கில் படம் போடுகிற வகை இடம். பல் லேப்பில் இந்தச் சாமான்களையே கட்டுகிறவர்கள் என்பதால், நடந்ததையும் எங்கே பிழைத்தது என்பதையும் எழுதுகிறோம். என்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

புள்ளைக்கு மேல்தாடை ஒடுக்கம். வலப்பக்கத்து மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுகின்றன. வாயை அகலத் திறந்தால் நாடி நடுவில் நிற்கும், கடித்தவுடன் வலப்பக்கம் சறுக்கும். பார்க்கிறவர்களுக்கு ஒரு பக்கக் கோளாறு போலத் தெரிந்தாலும், தாடை இரண்டு பக்கமும்தான் ஒடுங்கியிருக்கிறது. கடிக்க வசதியில்லாமல் கீழ்த்தாடை ஒரு பக்கம் ஒதுங்கிப் பழகிவிட்டது. இதை 7, 8 வயதிலேயே பிடித்திருந்தால் இன்னும் லேசு. 11 வயதும் பிந்தவில்லை. அண்ணத்தின் நடுவே இரண்டு எலும்பும் சேருகிற பொருத்து இந்த வயதில் திறக்கும். 15, 16 தாண்டினால் அது இறுகிவிடும். பிறகு எலும்பில் சின்ன ஸ்குரூ இறக்கியோ, சத்திரசிகிச்சை செய்தோதான் விரிக்க வேண்டி வரும். பெண் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்னும் முந்தி மூடும்.

அதனால்தான் தங்கச்சி அவசரப்பட்டாள். அந்த இடத்தில் வெள்ளைக் கோட்டோடு இருந்தவர் மேசையில் ஒரு மாதிரித் தாடையை வைத்தார். நான்கு பல்லில் வளையம் ஒட்டி, நடுவில் ஸ்குரூ வைத்த நிலையான கருவி அதில் இருந்தது. சரியான சாமான், அதில் பிழையே இல்லை. “இதைத்தான் போடப்போறம் தங்கச்சி. ஒண்டுக்கும் யோசிக்காதிங்க, உங்கட புள்ள எங்கட புள்ள மாதிரி” என்றார். ஒரு லட்சம், முழுக்காசும் இண்டைக்கே கட்டினால் 85,000 என்றார். புள்ளையின் தலையைத் தடவி, “அடுத்த வருசம் பார், சிரிப்பு எப்பிடி இருக்குமெண்டு” என்றார். அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள். சீட்டுக் காசு 85,000 ரூபாயையும் எண்ணி வைத்துவிட்டாள். பில்லில் ‘பல் சிகிச்சை’ என்று இரண்டே சொல். எந்தக் கருவி என்று ஒரு எழுத்தில்லை. எக்ஸ்றே எடுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கொடுத்தது கழற்றிப் போடுகிற அக்ரிலிக் தகடு. “அதே வேலைதான். கழட்டிக் கழுவலாம், புள்ளைக்குச் சுகம்” என்று ஒரு சாவியையும் கொடுத்து, ஒவ்வொரு இரவும் ஒரு தரம் திருப்பச் சொன்னார்கள்.

அதே வேலை இல்லை. இதை எல்லாரும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்குரூவை ஒரு தரம் திருப்புவது கால் சுற்று, ஏறக்குறைய 0.25 மில்லிமீற்றர். நிலையான கருவியில் வளையங்கள் பல்லோடு சீமெந்து போட்டு ஒட்டியிருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு திருப்பு, அரை மில்லிமீற்றர். பல் நகர நேரம் கிடைக்காததால் அந்த விசை எலும்புப் பொருத்துக்குப் போய் அதைத் திறக்கிறது. இரண்டு கிழமையில் சுமார் 7 மில்லிமீற்றர். பொருத்து திறந்ததற்கு அடையாளம், மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். சில மாதத்தில் அது தானே கூடிவிடும், பயப்படத் தேவையில்லை.

கழற்றுகிற தகட்டைப் பிடித்து வைத்திருப்பது கம்பிக் கொக்கிகள் மட்டும். அது பல்லை வெளியே சாய்க்கும், எலும்பை அதிகம் விரிக்காது. அதற்குரிய வேகம் கிழமைக்கு ஒன்று, கூடினால் இரண்டு திருப்பு. சாப்பிடும்போதும் வாயிலேயே இருக்க வேண்டும். சின்னச் சாய்வைத் திருத்த அது நல்ல சாமான், நாங்களே எத்தனையோ கட்டிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு இரவும் திருப்பினால் பல் அந்த வேகத்துக்கு வராது, தகடு பல்லை விட்டுக் கிளம்பிவிடும். அதுதான் நடந்தது. 24 இரவு திருப்பியிருக்கிறாள், தகட்டின் நடுவே 6 மில்லிமீற்றர் பிளவு. வாயில் வைத்தால் அண்ணத்தில் ஒட்டாமல் தொங்குகிறது. கொக்கி இரண்டே இரண்டு, ஆறாம் பல்லில் (முதல் பெரிய கடைவாய்ப்பல்லில்) மட்டும். விரிக்கிற தகட்டுக்கு முன்னாலும் பின்னாலுமாக நான்கு வேண்டும். முன்பல்லில் இடைவெளியே விழவில்லை. அதைக் கேட்டதற்கு, “இடைவெளி வராமச் செய்யிறதுதான் எங்கட புது முறை” என்றார்களாம். பொருத்துத் திறக்கவில்லை என்பதைத் திறமை என்று ஒரு தாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

இப்போது ஆறாம் பற்கள் வெளியே சாய்ந்து, அவற்றின் உட்கூர் கீழே தொங்கி முதலில் முட்டுகிறது. அதனால் முன்பற்கள் கடிபடவில்லை. புள்ளைக்குப் பாணைக் கடித்து இழுக்க முடியவில்லை. தாடை இன்னும் வலப்பக்கம் சறுக்குகிறது.

தகடு தொங்கத் தொடங்கிய அன்றே போன் எடுத்தாள். “புள்ள ஒழுங்காப் போடல்ல போல.” அடுத்த கிழமை, “டொக்டர் கொழும்புக்குப் போயிற்றார்.” நேரில் போனால் வெளியே இரண்டு மணித்தியாலம் இருத்திவிட்டு, “நீங்க சாவியை மாறித் திருப்பியிருக்கிங்க” என்றார்கள். மாறித் திருப்பினால் பிளவு எப்படி 6 மில்லிமீற்றர் வரும்? பிறகு, “புதுசா நிலையான கருவி போடுவம், 40,000 கட்டுங்க” என்றார்கள். அதற்குத்தானே முதலே 85,000 கட்டினது! வட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். நீலக்கோடு விழுந்தது, பதில் இல்லை. இப்போது இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். 85,000 ரூபாய். வீட்டில் தையல் மெசின் மிதித்துச் சேர்த்த காசு.

காசை விடுங்கள், புள்ளையின் மூன்று மாதம் போய்விட்டது. தகட்டை நிறுத்தி, சாய்ந்த பல் திரும்ப வர விட்டு, எக்ஸ்றேயும் பல் அச்சும் எடுத்துத்தான் இனித் தொடங்க வேண்டும்.

போகுமுன் கேட்க வேண்டியவை, அவசரமாக:

எக்ஸ்றேயும் அச்சும் எடுக்காமல் தாடை விரிக்கிறோம் என்றால் எழும்பி வாருங்கள். நிலையானதா, கழற்றுவதா, எத்தனை திருப்பு, எப்போது நிறுத்துவது, எல்லாம் பில்லில் எழுத்தில் வேண்டும். நிலையான கருவியில் திருப்புவது இரண்டு மூன்று கிழமைதான், அதன் பிறகு ஸ்குரூவைப் பூட்டி மூன்று முதல் ஆறு மாதம் வாயிலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப ஒடுங்கும். ஆகவே ‘3 மாதத்தில் எல்லாம் முடியும்’ என்பதே பிழை. வீட்டில் ஒழுங்காகத் திருப்ப ஆளில்லை என்றால் நான்கு சுருள் கம்பிக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதை டொக்டரே ஆறு கிழமைக்கு ஒருக்கா பார்த்துக்கொள்வார், சாவி இல்லை.

சாவியில் கட்டாயம் நூல் கட்டுங்கள், புள்ள விழுங்கிவிடும். திருப்பும்போது அடுத்த துளை முழுசாகத் தெரியும்வரை தள்ளுங்கள். பாதியில் விட்டால் அடுத்த நாள் சாவி நுழையாது.

பார்க்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த பல் வைத்தியரா, பல் சீரமைப்பில் விசேட பயிற்சி உள்ளவரா என்று பாருங்கள். தனியார் இடங்களும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் காட்டுங்கள், அங்கே காசில்லை, வரிசை நீளம்தான். முழுக்காசையும் ஒரே நாளில் கட்டாதீர்கள்.

தகடு, பில், வட்ஸ்அப் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறோம். முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறோம். இதே மாதிரித் தகடு வாங்கினவர்கள் இருந்தால் இன்றிரவே திருப்புவதை நிறுத்துங்கள், தகட்டை வீசாதீர்கள்.